வெள்ளைக் கட்டம்

வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பி, கலங்கிய காற்றில் பட்டுச் சிதறித் திரும்புகிற கொஞ்சூண்டு எதிரொலியை வைத்து, மேலே காற்று எப்படி இருக்கிறது என்று சொல்வதுதான் தமயந்தியின் வேலை. காற்று அல்லாததை அழிப்பதும் அவள் வேலைதான். பறவையோ வேறெதுவோ குறுக்கே வந்தால் திரையில் பளீரென்று ஒரு புள்ளி விழும். அன்றன்றைக்குச் சாயங்காலமே அதைத் துடைத்துவிடுவாள். ஏழு வருடப் பழக்கத்தில் கை தானாகவே போகும்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகாலுக்குப் பயிற்சி விமானம் ஒன்று பக்கத்து ஏரிக்கு அப்பால் விழுந்தது. வெள்ளிக்கிழமை, அதை ஓட்டிய பெண்ணின் அப்பா சாலமோன் தமயந்தியின் ரேடார் நிலையத்துக்கு வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“எம் பொண்ணு போன நேரத்துல மேல காத்து எப்படிம்மா இருந்துச்சு?”

அன்றைய வரைபடத்தை அவர் முன் விரித்தாள். நீலமும் பச்சையுமாகக் காற்று சாதுவாகத்தான் ஓடியிருந்தது. மணி மூன்று பத்துக்கு நேரே மட்டும் சின்னதாக ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. அவர் விரல் அங்கே போய் நின்றது.

“இங்க மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?”

“பறவைங்க சார். வந்தா அழிச்சிடுவோம்.”

வாய்க்குப் பழகிய பதில். சொல்லி முடித்த பிறகுதான் மணி அவளுக்கு உறைத்தது. விமானம் விழுந்த செய்தி வருவதற்கு முன்பே, அன்று சாயங்காலம், அவளே துடைத்த புள்ளி அது.

“எத்தன பறவைம்மா?”

தமயந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுதான் சார்.”

அவர் விரலை எடுக்கவில்லை.