ஏழாவது நிமிடம்

“‘சாதுவான மனிதர்’னு மட்டும் பிரசங்கத்துல சொல்லிடாதீங்க ஃபாதர். பெட்டிக்குள்ள இருக்கிறவரே எழுந்து வந்து உங்களை மிதிப்பார்” என்றார் வில்ஃப்.

பாதிரியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அடக்க ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் மேவிஸ் சாண்ட்விச்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சிறுவயது முதல் வில்ஃபுக்கு அடுத்த வீட்டுக்காரி. வெளியே நல்ல மழை. அந்த மழையிலும் வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. எல்லார் கழுத்திலும் ஆஷெல்டன் கால்பந்து அணியின் கறுப்பு மஞ்சள் ஸ்கார்ஃப்.

இறந்துபோனவர் சேத் பிராம்ஹால். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் ஆஷெல்டன் அணியின் தடுப்பாட்டக்காரர். ‘கசாப்பு சேத்’ என்றால் வட இங்கிலாந்து முழுக்கத் தெரியும். ஆஷெல்டனுக்கு வந்து ஆட வேண்டிய சனிக்கிழமைகளில் மற்ற ஊர் ஆட்டக்காரர்களுக்குத் திடீர் திடீரென்று காய்ச்சல் வரும்.

“அவரோட மனைவிதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க” என்றார் பாதிரியார்.

“பொண்டாட்டிகிட்ட எவன் சாதுவா இல்ல? நீங்க வெளியூரு ஃபாதர். அந்தக் குடும்பம் கூப்பிட்டுச்சுன்னு கடற்கரைப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கீங்க. அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“என் தம்பி ஒரு தடவை அவரோட கை குலுக்கினான்” என்றார் மேவிஸ், ரொட்டியை வெட்டிக்கொண்டே. “அந்த வாரம் பூரா பேனா பிடிக்க முடியல. கட்டு போட்ட கையைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான்.”

“அதெல்லாம் சில்லறை” என்று வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ முறை சொன்ன கதைதான். “தார்ன்பி ஊரு டீமோட நடந்த மேட்ச். எங்கப்பா தோள்மேல உக்காந்து நானே பார்த்தேன். ஏழாவது நிமிஷம். தார்ன்பியில புதுசா ஒரு பொடியன், மீசைகூட முளைக்கல. பந்தை உருட்டிக்கிட்டு ஓரமா வர்றான். சேத் எங்கேயோ அந்தக் கோடியிலேர்ந்து ரயில் மாதிரி வந்தார். பந்து ஒரு பக்கம் போச்சு, பொடியன் ஒரு பக்கம் போனான், அவனோட பூட்ஸ் ஒரு பக்கம் போச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.”

“எலும்பு முறிஞ்சவன் எப்படிய்யா ரெண்டாவது பாதியில கோல் போட்டான்?” என்றார் மேவிஸ்.

“அது வேற எவனாவது இருக்கும்.”

“அப்போ மாத்து ஆளு ஏது? செத்தாலும் இறங்கின பதினோரு பேருதான்.”

“மேவிஸ், உனக்கு அங்கே வேலை இருக்கு, இல்லையா?” என்று வில்ஃப் பாதிரியார் பக்கம் திரும்பிக்கொண்டார். “முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ரெஃப்ரி ஓடி வர்றதுக்குள்ள, சேத் குனிஞ்சு பொடியன் காதுல என்னமோ சொன்னார். அவ்வளவுதான். அதுவரைக்கும் பேசாம கிடந்தவன் ஊரே கேக்குற மாதிரி அலற ஆரம்பிச்சுட்டான். ரெஃப்ரி வெளியே கையைக் காட்டினார். சேத் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நிமிர்ந்த தலை குனியாம, மைதானத்தை விட்டு ஓட்டமா ஓடிப் போனார்.”

“என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டார் பாதிரியார்.

“‘அடுத்த தடவை ரெண்டு காலும்’னு.”

“கிடையாது. ‘உங்கம்மாவை சவப்பெட்டிக்குச் சொல்லச் சொல்லு’ன்னு. எங்கப்பா சத்தியம் பண்ணுவார்” என்றார் மேவிஸ். “இந்தச் சண்டையில எங்க தெரு பப்ல மூக்கு உடைஞ்சிருக்கு ஃபாதர்.”

“அவரையே கேட்டிருக்கலாமே?”

“கேக்காம இருப்போமா? சிரிச்சுக்கிட்டே பீரைக் குடிச்சிட்டுப் போயிடுவார்” என்றார் வில்ஃப். பிறகு அவர் குரல் இறங்கியது. “எங்கப்பா வாரம் பூரா மில்லுல முதலாளிக்குத் தலை குனிஞ்சு நின்னவர். சனிக்கிழமை மட்டும்தான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வீட்டுக்கு வருவார். இந்த ஊரு யாருக்கும் பயப்படாதுன்னு நாங்க நம்பினதே சேத்தாலதான். வெளியே மழையில நிக்கிறவன்லாம் அந்தச் சேத்துக்காக வந்தவன். ‘நல்லவர், வல்லவர்’னு யாரையோ சொல்லிப் புதைச்சுடாதீங்க. ஏழாவது நிமிஷத்தைச் சொல்லுங்க. உங்களைக் கேட்டுக்கறேன்.”

பாதிரியாரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று வில்ஃபுக்குப் புரியவில்லை.

“சொல்றேன். ஆனா நடந்ததை நடந்தபடிதான் சொல்லுவேன். அவர் உசிரோட இருக்கிறவரைக்கும் வாயைத் திறக்கறதில்லைன்னு வாக்கு கொடுத்திருந்தேன். இனிமே தப்பில்லை.”

“நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தப் பொடியன் நான்தான். என்மேல ஒரு கீறல்கூட விழல” என்றார் பாதிரியார். “அவர் என் காதுல சொன்னது இதுதான்: ‘தம்பி, உனக்கு வலிக்கலேன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் சத்தமாக் கத்துப்பா, ரெஃப்ரி என்னை வெளியே துரத்தட்டும். மேனேஜர் லீவு தரமாட்டேன்னுட்டான், அங்கே என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு.’”