புதன்கிழமைப் பின்வாசல்

மனநல மையத்தின் பின்வாசலில் புதன்தோறும் நகரசபைக் கவுன்சிலர் ஆல்டர்சன் நுழைவதை எதிர்வீட்டு டோரீன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். அப்புறம் தெருவுக்கு வேறு பேச்சே இல்லை.

“அளந்து பார்க்கிறாரு. மையத்தை மூடிட்டு எவனாவது பில்டருக்குத் தள்ளிவிடத்தான்,” என்று ரொட்டிக் கடையிலிருந்து சர்ச் வரைக்கும் சொன்னாள்.

அவள் பயம் வேறு. மையம் இல்லாவிட்டால் மகன் காலின் பழையபடி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான்.

மையத்தைப் பற்றிய ஓட்டெடுப்பு நாளில் மகனோடு நகரசபைக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். மையத்தை மூடச் சொன்ன ஆல்டர்சனின் கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டுத்தான் கூடுதல்.

“இதுல சொந்த சம்பந்தம் இருக்கிறவங்க இப்பவே சொல்லிட்டு வெளியே போயிடணும். ஓட்டும் போடக்கூடாது,” என்று தலைவர் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

ஒருவரும் அசையவில்லை. அளவெடுத்த கதையைப் போட்டு உடைக்க டோரீன் எழுந்தாள். காலின் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். “உக்காரும்மா.”

அதற்குள் ஆல்டர்சன் எழுந்துவிட்டார்.

“எனக்கு இருக்கு. ரெண்டு வருஷமா சிகிச்சைக்கு அங்கதான் போறேன்.”

கட்சிக்காரர்கள் முறைக்க முறைக்க வெளியே நடந்தார். ஓட்டு சமமானது, மூடும் தீர்மானம் விழுந்தது.

டோரீன் மகன் பக்கம் திரும்பினாள். “உனக்கு முன்னாடியே தெரியுமாடா?”

“புதன்கிழமைக் குழு சிகிச்சையில எனக்குப் பக்கத்து நாற்காலிதானேம்மா. உள்ளே பேசுறதை வெளியே சொல்லக்கூடாதுன்னு கட்டுப்பாடு.”

“பெத்தவகிட்ட கூடவா?”

“உன்கிட்ட மட்டும் வேண்டவே வேண்டாம்னு தனியாக் கேட்டுக்கிட்டாரு.”