மாஸ்டர் இளைத்த கதை

"பாருங்க டாக்டரம்மா, மனுஷன் எப்படி இளைச்சிட்டாரு! எல்லாம் என் சமையல்தான். எண்ணெய் கிடையாது, இனிப்புன்னா மூச்!"

மனைவி பெருமையாக அளந்துகொண்டிருக்க, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நழுவிய பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தார். அறுபதை நெருங்கும் வயதில் திடீரென்று சர்க்கரை வந்ததிலிருந்து வீட்டில் பத்தியச் சாப்பாடுதான். ஆனால் அவரிடம் வண்டி ஓட்டப் பழகுகிற எல்லோருக்கும் கடைசிப் பாடம் ஒன்றே ஒன்று: பேக்கரி வாசலில் வண்டியை ஒழுங்காக நிறுத்துவது. நிறுத்திய கையோடு மாஸ்டர் உள்ளே போய் கிரீம் கேக்கை ஒரு கை பார்த்துவிட்டு வருவார். பாவம், அந்தம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"பத்தியம் இருந்து இளைச்சா சந்தோஷம்தான்," என்றார் டாக்டர். "இந்த வயசுல புதுசா சர்க்கரை வந்து, நல்லா சாப்பிட்டும் எடை குறைஞ்சாத்தான் யோசிக்கணும்."

"ஏ... ஏன்?" என்றார் மாஸ்டர்.

"கணையத்துல ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். எல்லாருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனா சில பேருக்கு அங்க வர்ற புற்றுநோய் முதல்ல சர்க்கரையாத்தான் தலைகாட்டும். சீக்கிரம் ஸ்கேன் எடுத்துட்டா நல்லது. உங்களுக்குத்தான் அந்தக் கவலையே இல்லையே!"

ஊசி, ஸ்கேன் என்றாலே ஓட்டம் பிடிக்கிறவர் மாஸ்டர். அதைவிட, உண்மையைச் சொன்னால் இவள் மனசு என்ன பாடுபடும்? அவருக்காகத் தானும் அதே சப்பென்ற சாப்பாட்டைச் சாப்பிடுகிறவள். சொல்லாவிட்டால்?

"டாக்டரம்மா, நான் ஒரு திருட்டுப்பய. தினமும் கேக் சாப்பிடறேன். சில நாள் மூணுகூட. அப்படியும் இளைச்சுக்கிட்டேதான் போறேன்." மனைவியின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிடும்மா. உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

அவள் திட்டவில்லை. "அப்படியெல்லாம் விட்டுடுவேனா உங்களை?" என்று அவர் கையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், கேக் விஷயத்தை ஒருவழியா அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரு! நேத்து இந்தம்மா அழுதுகிட்டே வந்து எல்லாத்தையும் சொல்லிப் பதிவு பண்ணிட்டுப் போனாங்களே, அந்த ஸ்கேனுக்கு இவரைக் கூட்டிட்டுப் போங்க."