பத்தாவது வெற்றி

கோப்பையோடு பதிவு மேசைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் சைக்கிள் ரேஸ் லைசென்ஸை வாங்கி, ‘புதியவர்’ என்பதை அடித்துவிட்டு ‘இடைநிலை’ என்று எழுதினார்.

“யாரைக் கேட்டு மாத்துறீங்க? அடுத்த வாரம் புதியவர் ஃபைனல். ஜெயிச்சா புது பிஎம்எக்ஸ் சைக்கிள் தர்றாங்க. நான் ஓட்டுறது இரவல் வண்டிங்க.”

“பத்து ரேஸ் ஜெயிச்சா மேல் பிரிவுக்குப் போயே ஆகணும் தம்பி. உங்களுக்கு இன்னிக்கோட பத்து. அந்த ஃபைனல்ல நீங்க ஓட்ட முடியாது.”

“அப்ப ஜெயிச்சது என் தப்பா?” மேசையில் ஓங்கி அடித்தேன்.

அக்கா புருஷன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். எல்லா ரேஸிலும் எனக்கு அடுத்ததாக வருபவர். “விடு மாப்பிள்ளை. ரூல்னா ரூல்தான்.”

“உங்களுக்கென்ன அத்தான், தோத்தே பழகிட்டீங்க. நீங்க இதுவரைக்கும் எத்தனை ஜெயிச்சிருக்கீங்க?”

“ஒன்பது.”

கையை உருவிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“மூணு வருஷமா ஒன்பதுதான்” என்றார், குரலைத் தாழ்த்தி. “எல்லைக்கோட்டுக்கிட்ட வந்ததும் பிரேக்கைப் பிடிச்சிடுவேன்.”

அந்தப் பெண்ணிடம் தன் லைசென்ஸை நீட்டினார்.

“ஃபைனல்ல பிடிக்க மாட்டேன்.”