தூங்கும் முன் பார்

போர்ட்லாந்தில் நிரலாளர்களின் மாநாடு. அரங்கத்துக்கு வெளியே சோபாவில் காபியும் கையுமாகச் சாய்ந்திருந்தார் வெண்டல். கணினி இயங்குதளத்தின் மையமான 'கர்னலு'க்கு நிரல் எழுதியே தலை நரைத்தவர்.

அரங்கத்திலிருந்து வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்த இளம்பெண் புலம்பினாள். "நான் எழுதின புரோகிராம், டிஸ்க் தயாராகிக் கூப்பிடட்டும்னு தூங்கப் போகுது. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேங்குது!"

வெண்டலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "தூங்குறதுக்கு முன்னாடி, டிஸ்க் ஏற்கெனவே தயாரான்னு பார்த்தியா?"

"இல்லையே."

"அங்கதான் கோட்டை விட்டுட்ட! அது ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும். நீ படுக்குறதுக்குள்ள கூப்பிட்டு முடிச்சிருந்தா, ஆயுசுக்கும் தூங்க வேண்டியதுதான். இதுகூடத் தெரியாம கர்னல்ல கை வைக்க வந்துடறீங்க!"

அவள் முகம் சிவந்தது. "இதைக் கத்துக்கத்தான் வந்தேன். பேச வேண்டியவர் வரலைன்னு இப்பதான் கூட்டத்தைக் கலைச்சாங்க."

வெண்டலின் காபி தளும்பியது. "ஐயோ, அது என் பேச்சும்மா! கூப்பிடுவாங்கன்னுதானே இங்க உட்கார்ந்திருக்கேன்!"

"கூப்பிட்டாங்களே! நீங்க காபி வாங்கப் போயிருப்பீங்க. திரும்பி வந்து சோபாவுல சாயறதுக்கு முன்னாடி, உள்ளே எட்டிப் பார்த்தீங்களா?"

"இல்லையே" என்றார் வெண்டல்.