அலமாரிச் சாவி

“சாவியைக் குடுங்க.”

ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல், சமையலறை அலமாரி முன்னால் நின்றாள் மனைவி. கேக், சாக்லேட் எல்லாம் உள்ளே, வெளியே பூட்டு, சாவி கணவரிடம். எடையைக் குறைக்க அவளே போட்ட சட்டம்.

கணவர் போனைக் கீழே வைத்தார். “பசிக்குதா, இல்ல ஏதாவது ஆச்சா?”

“பசியெல்லாம் இல்ல. பார்சல் வரலேன்னு ஒரு கஸ்டமர் போன்ல என் பரம்பரையையே இழுத்துட்டார். மேனேஜர் என்னடான்னா, என்னையே மன்னிப்புக் கேக்கச் சொல்றார்.”

“அட, அப்புறம்?”

அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். “சரி, சாவி வேண்டாம். சர்க்கரை இல்லாம டீ போடறேன்.”

மூன்று மாதமாக இதே கதைதான். ஆறு கிலோ குறைந்திருந்தாள். கணவருக்குத்தான் மனசு உறுத்தியது.

“ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. சாவியை முதல் நாளே, பூட்டுறதுக்கு முன்னாடியே தொலைச்சுட்டேன். பூட்டு சும்மா தொங்குது. இழுத்தா வந்துடும்.”

“தெரியும்” என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே.

“தெரியுமா? அப்புறம் எதுக்கு தினமும் என்கிட்ட சாவி கேக்குற?”

“அதைக் கேட்டாத்தானே நீங்க போனைக் கீழ வெச்சுட்டு, என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க.”