உயிரோடு யாரும் ஏறாத கார்

“என்ரை காரிலை உயிரோடை ஒருத்தரும் ஏறினதில்லை, மெடம்!”

“அப்ப ஓட்டினது ஆர்?”

யாழ்ப்பாணத்தில் வருமான வரிக் கந்தோர். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஞானாம்பிகை. இந்தப் பக்கம் செத்தவர்களின் கடைசிக் காரியம் பார்க்கும் மலர்ச்சாலையின் முதலாளி இராசநாயகம். காருக்கு அடித்த பெற்றோல் முதல் காப்புறுதி வரை எல்லாவற்றையும் மலர்ச்சாலைச் செலவென்று காட்டி வரியைக் குறைக்க வந்திருந்தார். சொந்தப் பாவிப்பு என்று தெரிந்தால் ஒரு சதமும் கழிக்க விடமாட்டார்கள்.

“றைவரை விடுங்கோ. மற்றும்படி பிரேதம்தான். பின் சீற்றை மடிச்சால் பெட்டி வடிவாய்ப் போகும்.”

அந்தப் பின் சீற்றில் அவருடைய மனைவியும் மகள் சுபாஜினியும் கிழமைக்கொரு தடவை சேலை வாங்கப் போவது ஊருக்கே தெரியும். கண்ணாடியை இறக்கிக் கையும் காட்டுவார்கள். பிரேதங்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை.

“அதுக்குத்தானே கறுப்பு வான் வைச்சிருக்கிறியள்?”

“சாவு கூடிப்போச்சு, மெடம். வான் ஒண்டு காணாது.”

“வீட்டாக்கள் கோயிலுக்குக் கீயிலுக்குப் போறேல்லையோ?”

“ஐயோ, பெட்டி ஏத்தின காரிலை கோயிலுக்கோ? என்ரை மனிசி கிட்டவும் வராது. அவ ஓட்டோதான்.”

“காரைப் பாக்கலாமோ?”

இராசநாயகம் போனில் படத்தைக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற கார். முன்கண்ணாடிக்குப் பின்னால் குட்டிப் பிள்ளையார். ஞானாம்பிகை படத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

“உண்மையாய்த்தான் சொல்லுறியளோ, ஐயா?”

“நல்லூர்க் கந்தனாணை!”

“அப்ப அதை அப்பிடியே எழுதிக் கையெழுத்து வையுங்கோ.”

பேனையைக் கேட்டு வாங்கி எழுதினார். ‘பிரேதங்கள் மட்டும்’ என்பதற்குக் கீழே கோடும் போட்டார்.

“கெதியாய் விட்டால் புண்ணியம், மெடம். பின்னேரம் மகளுக்குக் கலியாணம் பேச வருகினம். டொக்டர் மாப்பிள்ளை. விட்டால் பிறகு கிடையாது.”

“தெரியும். வாறது என்ரை அக்காவாக்கள்தான்.”

ஞானாம்பிகை தன்னுடைய போனைத் திருப்பிக் காட்டினார். அதே கார், அதே பிள்ளையார்.

“புரோக்கர் நேற்று அனுப்பினவர், ஐயா. எங்கடை பெடியனுக்கு நீங்கள் தாற சீதனக் காராம்; வீட்டாக்கள் மட்டும்தான் ஏறினதாம்.”